கடைசி வாங்கில் ஆறு ஆண்டுகள்

பதுளையின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் மூடுபனியோடுதான் எனக்கு நினைவிருக்கின்றன. வெயில் அடித்த ஞாயிறுகளும் இருந்திருக்க வேண்டும். நினைவு ஏனோ அவற்றை வைத்துக்கொள்ளவில்லை. சரிவில் நின்ற எங்கள் சிறிய ஆலயத்தின் வாசலில் நின்று பார்த்தால் தோட்டங்களிலிருந்து இறங்கும் பாதை தெரியாது. பேச்சுக்குரல்தான் முதலில் வரும். பிறகு வெள்ளைச் சேலைகள், வெள்ளைச் சட்டைகள், பிறகு முகங்கள். செருப்பைக் கையில் பிடித்தபடி மண்பாதையால் வந்தவர்கள் ஆலயத்துக் குழாயில் கால் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். கீழே ரயில் நிலையத்தில் இஞ்சின் ஒன்று வெகுநேரம் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்.

நானும் என் மனைவியும் யாழ்ப்பாணத்தவர். கல்வித் திணைக்களத்து இடமாற்றத்தில் இரண்டு வருடத்துக்கென்று பதுளைக்கு வந்தோம். பின்னர் போரினால் ஊருக்குப் போகும் பாதை மூடப்பட்டது, திறந்தது, மறுபடி மூடப்பட்டது. அவளுக்கு நகரத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் வேலை கிடைத்தது. தங்கிவிட்டோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் என்னைச் சபைக் குழுவின் செயலாளராக்கினார்கள். என் கையெழுத்து தெளிவாக இருந்தது. கூட்ட அறிக்கையில் நான் எழுதும் வசனங்கள் நீளமாகவும் இருந்தன. அவை வாசிக்கப்படும்போது குழுவினர் தலையசைப்பார்கள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. கட்டுப்பாட்டை மீறிய ஒருவரைக் குழு விசாரித்து, சில மாதங்களுக்குத் திருவிருந்திலிருந்து நிறுத்தி வைக்கும். குடித்துவிட்டு அடிதடிக்குப் போனவர், ஆலயத்துக்கு வெளியே கலியாணம் முடித்தவர் என்று வருடத்துக்கு ஓரிருவர் இருப்பர். அந்தக் காலம் முடியும்வரை அவர்கள் கதவோரமாக உள்ள கடைசி வாங்கில், அந்த நீண்ட மர இருக்கையில், அமர வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று மற்றவர்கள் எழுந்து பீடத்தண்டை போய் முழந்தாளிட்டு அப்பமும் ரசமும் பெறும்போது, அவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். தவணை முடிந்ததும் போதகர் இறங்கி வந்து பேர் சொல்லி அழைப்பார். இதைக் கொடுமை என்று அப்போது எவரும் நினைக்கவில்லை. வீட்டில் பிள்ளையைச் சற்று நேரம் மூலையில் நிறுத்துவது போன்றதென்றே நானும் எண்ணினேன்.

நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த ஒரு பெண் அப்படி விசாரணைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள் இருந்த லயத்தின் வரிசை வீடுகளில் பெரும்பாலானவர்கள் சைவர்கள். மாரியம்மன் திருவிழாவில் தேர் லயத்து வாசல்களைச் சுற்றி வரும். வாசலில் நிறைகுடம் வைத்த வீட்டின் முன் நின்று அருச்சனை முடித்துப் போகும். அந்த வருடம் அவள் வாசலிலும் ஒரு குடம் இருந்ததை யாரோ கண்டு வந்து சொல்லியிருந்தார்கள்.

ஆராதனை முடிந்தபின் பின்னறையில் கூடினோம். போதகர் மென்மையானவர்.

"கொடம் வச்சது யாரும்மா?"

"நான்தாங்க."

பஜாரில் துணிக்கடை வைத்திருந்த மூப்பர் முன்னே சாய்ந்தார். அவளுக்கு ஒரு வழி திறந்து கொடுக்கவே அவர் விரும்பினார் என்று இப்போது நினைக்கிறேன். "அந்த இஸ்தோப்புத் திண்ணை ரெண்டு வீட்டுக் காம்பராவுக்கும் பொதுதானே? பக்கத்து வீட்டுக்காரி வச்சிருப்பா. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எங்க வீட்டுச் செம்புக் கொடங்க. தண்ணி புடிச்சது நான். வச்சதும் நான்தான்."

"மாவெல வச்சியா?"

"வச்சேங்க."

"தேங்கா?"

"வச்சேங்க."

"மஞ்சளுமா பூசின?"

"பூசாம எப்படிங்க?"

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். போதகர் ஏன் வைத்தாய் என்று கேட்டார்.

"வைக்க வேண்டியிருந்திச்சுங்க."

"யாரு வைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க."

"பீஸ் வாங்கின வக்கீல்கூட இவ்வளவு சிக்கனமாப் பேச மாட்டான்" என்றார் மூப்பர். எல்லோரும் சிரித்தோம். அவளும் சற்றுச் சிரித்தாள். பிறகு முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வெளியே போய் நின்றாள். மூன்று மாதம் போதும் என்று போதகர் சொன்னார். குழு ஒத்துக்கொண்டது. அவ்வளவே நடந்தது.

அன்று பிற்பகல் அந்தத் தீர்மானத்தை எழுதினேன். மூன்று மாத காலத்திற்கு அவர் திருவிருந்திலிருந்து நிறுத்தி வைக்கப்படுவதென்று எழுதியபின் வசனம் பாதியில் நின்றுவிட்டதாகத் தோன்றியது. ஆகவே, "அதன்பின் தம் செயலுக்காக மனம் வருந்துவதாக அவர் தாமே முன்வந்து தெரிவிக்குமிடத்து மீளச் சேர்த்துக்கொள்ளப்படுவதென்றும்" என்று முடித்தேன். அடுத்த கூட்டத்தில் வாசித்தேன். வழக்கம்போலத் தலையசைத்தார்கள். அதையே கடிதமாக்கி அவளுக்கும் அனுப்பினேன்.

மூன்றாம் மாதத்தில் போதகருக்கு இடமாற்றம் வந்தது. அடுத்தவர் வந்து சேரும்வரை வெளியிலிருந்து ஒருவர் மாதமொருமுறை வந்து போனார். அவருக்கு எங்களில் பாதிப்பேரைத் தெரியாது. அந்தப் பெண் கடைசி வாங்கிலேயே இருந்தாள். குழுவின் பார்வையில் அது முடிந்துபோன விடயம். இனி அவள்தான் வர வேண்டும். அவள் வரவில்லை. அவளை நான் மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. ஆலயத்தின் சுவரையோ கதவையோ எப்படி மறக்காமலும் நினைக்காமலும் இருப்போமோ, அப்படி இருந்தேன்.

அந்த வருடங்கள் எனக்கு ஒரே நீண்ட காலைப்பொழுதாகவே தோன்றுகின்றன. பாட்டுப் புத்தகங்களின் ஈர வாசனை. சன்னலுக்கு வெளியே டர்ப்பன்டைன் மரங்கள் பனிக்குள் கரைந்து, மறுபடி மரமாகும். எப்போதோ ஒரு ஞாயிறு, பெண்கள் பக்கத்தின் மூன்றாம் வரிசையில் அமரும் என் மனைவி கடைசி வாங்குக்கு மாறியிருந்தாள். அவளுக்கு இருமல் இருந்தது. கதவோரத்தில் காற்று வரும் என்றுதான் போயிருப்பாள் என நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, அதை அவளிடம் கேட்காமலே நம்பினேன். திருவிருந்து நாட்களில் குழுவினரான நாங்கள் முதலில் போய்ப் பெற்றுக்கொண்டு திரும்புவோம். அதன்பின் கடைசி ஆள் போய் வரும்வரை தலை குனிந்து கண்ணை மூடியிருப்பது சிறு வயதில் எனக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். நான் ஒருநாளும் கண் திறந்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்து சிறிது காலத்தில் இளவயதுப் போதகர் ஒருவர் வந்தார். சில மாதம் பொறுத்திருந்து, பின்னறையில் அங்கியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"சார், வீட்ல அம்மா திருவிருந்துக்கு வர்றதில்லையே. ஏதும் மனத்தாங்கலா?"

"வருவாவே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அங்கியை மடித்தார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் குசினியில் வெலிமடைக் கரட் சீவிக்கொண்டிருந்தாள்.

"நீர் திருவிருந்துக்குப் போறேல்லையாம். போதகர் கேக்கிறார்."

"ஓம்." கை நிற்கவில்லை.

"எப்ப தொட்டு?"

"நாலு வருசம் இருக்கும்."

"நான் காணேல்லையே."

"நீங்கள் கண்ணை மூடிக்கொண்டெல்லோ இருப்பியள்."

ஏனென்று கேட்டேன்.

"பக்கத்தில ஒரு மனிசி பசியோட இருக்க, நான் மட்டும் எழும்பிப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்து வாயைத் துடைச்சுக்கொண்டு இருக்க எனக்கு ஏலாமப் போச்சு. அவ்வளவுதான்."

"அவவின்ரை தவணை எப்பவோ முடிஞ்சுது. அவ வந்து சொல்லியிருக்க வேணும்."

"என்னெண்டு?"

"மனம் வருந்திறன் எண்டு."

"அவ வருந்தேல்லை. பொய் சொல்லிப்போட்டு வந்து அப்பத்தை வாங்கச் சொல்லுறியளோ?"

"அது குழுவின்ரை தீர்மானம்."

அவள் கத்தியை வைத்தாள். "குழு மூண்டு மாசம் எண்டுதான் சொன்னது. மிச்சம் நீங்கள் எழுதினது. எழுதிப்போட்டு எனக்கு வாசிச்சுக் காட்டினியள். இது குழு சொன்னதோ எண்டு கேட்டன். அப்பத்தான் வசனம் நிறைவாய் வரும் எண்டு சொன்னியள்."

அவள் சொன்னது சரி. சொல்லும்வரை அது என் நினைவில் இருக்கவில்லை. சொன்னபின் அந்தப் பிற்பகலின் தேநீர்க் கோப்பைகூட நினைவுக்கு வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். "பரலோக வாசலிலையும் நீங்கள் மூண்டு பிரதி கேப்பியள்." சிரிப்பு இருமலானது. நான் தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன். சிரிக்கவில்லை.

"அவவைக் கூப்பிடுங்கோ" என்றாள் தண்ணீரைக் குடித்து முடித்து. "அவ போற அண்டைக்கு நானும் போவன்."

அதன்பின் பல மாதங்கள் நான் எதுவும் செய்யவில்லை. இதை இதைவிட நயமாக எழுத வழி உண்டா என்று பார்த்தேன். இல்லை. நான் எழுதிய தீர்மானம் தவறென்று குழுவின் முன் எழுந்து சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் அதையும் பேசவில்லை, அவளும் மறுபடி கேட்கவில்லை. ஞாயிறுகளில் ஒன்றாக ஆலயத்துக்கு நடந்து போனோம். வாசலில் பிரிந்து அவள் கடைசி வாங்குக்கும் நான் முன்வரிசைக்கும் போனோம்.

அவளுடைய இருமல் நாங்கள் நினைத்த இருமலாக இருக்கவில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கொழும்பில் சில வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். போதகர் திருவிருந்துப் பாத்திரத்தைச் சிறு பெட்டியில் வைத்து எடுத்து வந்தார். அவள் தலையணையில் சாய்ந்திருந்தபடி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பொறுங்கோ ஐயா. அவ முதல் வாங்கட்டும்."

போதகர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

மறுநாள் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். ஆறு ஆண்டு ஒருத்தியைப் பற்றிய கடிதக்கோவையை வைத்திருந்தவன், அவள் வீட்டுக்குப் போனது அன்றுதான் முதல். பஸ் இறக்கிவிட்ட இடத்தில் பனி மூடியிருந்தது. தேயிலைச் சரிவுக்குள் எங்கோ பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஆட்கள் தெரியவில்லை. மதியக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அவள் லயத்துக்கு வந்து சேரும்வரை இஸ்தோப்பில் காத்திருந்தேன். நீளமான தாழ்ந்த கூரை. இரண்டு கதவுகளுக்கு முன்னால் ஒரே திண்டு.

என்னைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். "வீட்ல அம்மா எப்படி சார் இருக்காங்க?"

இருக்கிறா என்றேன். ஏன் தவணை முடிந்தபின் வரவில்லை என்று கேட்டேன்.

"வந்தேனே சார். மூணு மாசம் முடிஞ்ச ஞாயித்துக்கெழம நல்ல சேல கட்டிக்கிட்டு வந்து ஒக்காந்திருந்தேன். யாரும் கூப்பிடல. ஐயா மாறிப் போற அவசரத்துல மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். அடுத்த மாசமும் வந்தேன். அப்புறம் அம்மாதான் கடுதாசிய வாசிச்சுப் பாத்துட்டு, இந்தமாதிரிச் சொல்லணுமாம்னாங்க. அத எப்படி சார் சொல்றது?"

அடுத்த கதவிலிருந்து ஒரு பெண் சாயத்தண்ணியும் சீனியும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

"எல்லாம் என்னாலதாங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரரு செத்ததுக்கப்புறம் ரெண்டு வருஷமா தேரு எங்க வாசல்ல நிக்காமப் போச்சு. புருஷன் இல்லாதவ கொடம் வைக்கக் கூடாதுல்ல. புள்ளைங்க அழுதுச்சுங்க. அப்பதான் இவ, 'எங்க வீட்டுல புருஷன்னு ஒருத்தன் குத்துக்கல்லு மாதிரி ஒக்காந்திருக்கான், அதுக்காவது ஒதவட்டும்'னு சொல்லி அவ கொடத்தையே கழுவி எங்க பக்கமா வச்சா."

"இத இப்ப ஒங்கிட்ட யாரு கேட்டா?" என்றாள் இவள்.

"சார் தெரிஞ்சுக்கட்டும்."

"ஏனம்மா அண்டைக்கு இதைக் குழுவில சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"இவ தாலியறுத்த கதைய அத்தன ஆம்பளைங்க முன்னாடி எதுக்கு சார் எடுக்கணும்?" என்றாள். பிறகு, "டீ ஆறுது, குடிங்க" என்றாள்.

குடித்தேன். அந்த வரி என்னுடையது என்று அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததை மனைவியிடம் சொன்னேன். குடத்தின் கதை அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"எப்ப கூட்டம்?"

"வாற மாசம் முதல் சனி."

அவசரக் கூட்டம் கூட்டலாம். மூன்று பேர் கையெழுத்துப் போதும். போதகர் அதைத் தாமாகவே சொன்னார். இத்தனை காலத்துக்குப் பிறகு செய்வதை முறைப்படி செய்வோம் என்று நான் பதில் சொன்னேன். என் மனைவி என்னைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக அல்ல. தூரத்தில் போகும் ஒருவரை இன்னாரென்று அடையாளம் காண்பதுபோலப் பார்த்தாள். "சரி" என்றாள்.

கூட்டத்துக்கு ஒன்பது நாட்கள் இருக்கையில், விடிந்து சற்று நேரத்தில், அவள் இறந்துபோனாள். சன்னலைத் திறக்கச் சொல்லியிருந்தாள். திறந்து பனியை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. போதகரின் பெட்டி மறுபடி எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அடக்க ஆராதனைக்குத் தோட்டத்திலிருந்து பலர் வந்தார்கள். அந்தப் பெண் கடைசி வாங்கில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு மற்றவர்கள் அமர்ந்திருந்தார்கள்.

முதல் சனி கூட்டம் கூடியது. அனுதாபத் தீர்மானமொன்றை யாரோ முன்மொழிந்தார்கள். நன்றி சொன்னேன். பிறகு பழைய அறிக்கைப் புத்தகத்தைத் திறந்து அந்த வசனத்தை முழுவதும் வாசித்தேன். "இதில் மூன்று மாதம் வரையுள்ளது குழுவினுடையது. அதற்குப் பின்னுள்ளது என்னுடையது. எவரும் சொல்லாததை நான் எழுதினேன்" என்றேன்.

புத்தகத்தை மேசை நடுவே தள்ளி வைத்தேன்.

"நம்ம தீர்மானம்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தோம்" என்றார் துணிக்கடை மூப்பர். அவருக்கு இப்போது வயதாகியிருந்தது. "வாசிச்சப்பவும் கேட்டோம். நல்லா இருந்திச்சு."

அந்த வரியை அடித்துவிடுவதென்றும், வரும் ஞாயிறே அந்தப் பெண்ணை அழைப்பதென்றும் முடிவாயிற்று. நான் இன்னொன்று கேட்டேன். குழு சொல்லாததைக் குழுவின் பேரால் எழுதியதற்காக என்னையும் ஒரு காலத்துக்கு நிறுத்தி வைக்க வேண்டும் என்றேன்.

மூப்பர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செயலாளரை நிப்பாட்டினா, நிப்பாட்டிட்டோம்னு கடுதாசி யாரு எழுதுறது?"

அறை முழுவதும் சிரித்தது. சிரித்து முடிந்ததும் அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "போங்க சார். வீட்டுக்குப் போய்ப் படுங்க." அந்தக் கோரிக்கை அறிக்கையில் இடம்பெறவில்லை. அறிக்கையை எழுதியவன் நான்தான்.

மறுநாள் போதகர் பீடத்திலிருந்து இறங்கிக் கடைசி வாங்குவரை நடந்து போய் அவளைப் பேர் சொல்லி அழைத்தார். அன்று நான் கண்ணை மூடவில்லை. குழுவினர் எழுந்தபோது எழவுமில்லை. இத்தனை வருடமும் நான் காணாததெல்லாம் என் முன்னால் கடந்து போயிற்று. நீரில் நடப்பவர்கள்போல மெதுவாக எழுந்து போனார்கள், முழந்தாளிட்டார்கள், வேறொரு முகத்தோடு திரும்பினார்கள். சிலர் உதடு அசைத்தபடி வந்தார்கள். ஒரு கிழவர் அழுதுகொண்டு வந்தார். அந்தப் பெண் கொழுந்துக் கறை ஏறிய இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டி வாங்கினாள். மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் முழந்தாளில் இருந்தாள். எழுந்ததும் முன்னால் அவளுக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கடைசி வாங்குக்கே திரும்பிப் போய் அமர்ந்தாள்.

ஆராதனைக்குப் பின் தோட்டத்து பஸ்ஸுக்கு அவள் தனியே நின்றாள். போய் அருகில் நின்றேன்.

"அந்தக் கடிதத்தின்ரை கடைசி வரி குழு சொன்னதில்லை. நான் எழுதினது" என்றேன்.

"தெரியும் சார். அம்மா அன்னைக்கே சொன்னாங்க."

ஆறு ஆண்டுகளும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறாள்.

"கோவிக்கேல்லையோ?"

"கோவமில்லாம இருக்குமா? வந்திச்சு. அப்புறம் அம்மா பக்கத்துல வந்து ஒக்காந்தாங்க. ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிட்டிருப்போம். பிரசங்கம் நீண்டுச்சுன்னா அம்மா கடலமுட்டாய் குடுப்பாங்க." முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிற்கும்வரை மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் கேட்டாள்.

"நீங்க ஏன் சார் இன்னைக்கு முன்னாடி போகல?"

"போகக்கூடாதெண்டு இருக்கிறன்."

"யாரு சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"எத்தன மாசம்?"

அவள் பாதையைப் பார்த்தபடி யோசித்தாள். "மூணுன்னு வச்சுக்குங்க சார். ஆனா மூணு முடிஞ்சா எந்திரிச்சுப் போயிரணும். யாராச்சும் வந்து கூப்பிடுவாங்கன்னு ஒக்காந்துக்கிட்டிருக்கக் கூடாது. அது சரிப்பட்டு வராது." பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

அடுத்த மூன்று மாதமும் முதல் ஞாயிறுகளில் நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். போதகர் கண்டார், ஒன்றும் கேட்கவில்லை. நான்காம் மாதம் குழுவினரோடு எழவில்லை. ஆண்கள் போய்ப் பெண்களும் போய், வரிசை முடியும் தறுவாயில் எழுந்து போய், ஓரத்தில் முழந்தாளிட்டுக் கையை நீட்டினேன். அப்பம் சற்று உலர்ந்திருந்தது. விழுங்க நேரம் எடுத்தது.